கரை இல்லாத இடத்தில் நிறுத்துவது

நைனா,

இன்று காலை நான் ஏறிய ஷேர் ஆட்டோ தேரடி தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கன்டெய்னர் லாரிகள். ஓட்டுநர் கிளட்சை முழுதாகப் பிடிக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. இழுத்து இழுத்து வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அந்த வாசனை எழுந்தது. தேங்காய் நாரைப் பழைய டயரோடு சேர்த்துக் கொளுத்தியதுபோல. எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. என் விரல் தானாகவே இடது முட்டியைத் தட்டத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த அக்கா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஜெபமாலை சொல்லிகினு வர்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னைப் பற்றிச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

நீ கடலில் எப்படி இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளைப் படகில் ஏற்ற மாட்டாய். ஆனால் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசிப் பலகையில் உட்கார்ந்து, எஞ்சினின் நீளக் கைப்பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே இரண்டு விசைப்படகுகளின் நடுவே படகை நுழைத்துவிடுவாய். அந்தப் படகு கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் மோதி உடைந்தது. உன் இடது தோளும் உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வலை இழுக்க முடியாதவனை எந்தப் படகிலும் சேர்க்க மாட்டார்கள். நான் எட்டாவதோடு நின்று அம்மாவின் மீன் கூடைக்குத் துணையாகப் போனது அந்த வருடம்தான்.

பக்கத்துத் தெரு லூர்து மாமா மூன்று சக்கர லோடு ஆட்டோ வைத்திருந்தார். துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி எண்ணூர் வரை கடைகளுக்குப் போடும் வண்டி. அவருக்கு முதுகு வலி, ஆள் தேவைப்பட்டது. உன்னிடம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "மாமு, ஈஸ்டருக்குள்ள லைசென்ஸ் எட்த்துகினு வா. வண்டி உன்து. இல்லாங்காட்டி நான் வேற ஆளப் பார்த்துக்கறேன், கோச்சுக்காத."

அதே வாரம் பெரிய அத்தை வந்தாள். அவள் அண்ணா நகரில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அங்கேயே தங்கி வேலை செய்ய ஒரு பெண் வேண்டுமாம். தம்பி உனக்கு வேலை அமையவில்லை என்றால் ஈஸ்டர் முடிந்ததும் என்னைக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் கெடுதல் எதுவும் இல்லை. அம்மா என் துணிகளை மடித்து வயர் கூடையில் வைத்துக் கதவோரம் நிறுத்தினாள். தெரிந்தவர்களிடமே வாய் திறக்காதவள் நான். தெரியாத வீட்டில், தெரியாத சமையலறைத் தரையில் படுத்திருப்பதை நினைத்துப் பார்ப்பேன். அந்தக் கூடையை நீயும் பார்த்தாய். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அதில் கால் படாமல் தாண்டிப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வண்டி பழகப் போவோம். எண்ணூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கம்பெனிக்குப் பின்னால் திடல். காலி வண்டி துள்ளும் என்று பின்னால் இரண்டு ஐஸ் பெட்டியையும் என்னையும் ஏற்றினார் லூர்து மாமா. முதல் நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மதில் நெருங்கியது. நீ எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். வண்டி நிதானமாகப் போய் மதிலில் முட்டியது. முன்விளக்கு உடைந்தது.

"யோவ் மாமு, கால்ல பிரேக்குன்னு ஒண்ணு கீது. அது இன்னா, சாமிக்கா வெச்சிகிறான்?"

நீ உடைந்த கண்ணாடியைப் பொறுக்கியபடி சொன்னாய். "கடல்ல நிறுத்தறதுன்னு ஒண்ணு கெடியாது லூர்து. ஆஃப் பண்ணிட்டு வுட்டா கரை வந்து நிறுத்தும்."

பிரேக் உனக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது வேறு. நிதானமாகப் போகும்போது இடது என்றால் இடது, வலது என்றால் வலது திரும்புவாய். ஆனால் ஏதாவது திடீரென்று குறுக்கே வந்தால், ஒரு நாய், ஒரு சைக்கிள், உன் கை எதிர்ப்பக்கம் போய்விடும். நாயை விட்டு விலக வேண்டியவன் நாயை நோக்கித் திரும்புவாய். ஏன் என்று உனக்கே தெரியவில்லை. லூர்து மாமா கத்திக் கத்தி ஓய்ந்துபோய், காலையிலேயே குடித்திருக்கிறாயா என்று ஊதிக் காட்டச் சொன்னார். நீ ஊதிக் காட்டினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் சாவியை மட்டும் கொடுத்தார், வரவில்லை. எஞ்சின் சத்தத்தில் என் குரல் உனக்குக் கேட்காது. சத்தமில்லாவிட்டாலும் கேட்காது என்பாய். அதனால் நாம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். உன் இருக்கைக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ஜன்னல். அதன் வழியாகக் கைவிட்டு இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. இரண்டு தோளையும் சேர்த்து அழுத்தினால், நிறுத்து.

முதல் தேர்வில் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தரையில் எட்டு வரைந்திருந்தது. முதல் வளைவு சரியாக வந்தாய். இரண்டாவது வளைவில் எங்கோ ஒரு விசில் ஊதியது. உனக்கு ஊதியதுகூட இல்லை. உன் கை எதிர்ப்பக்கம் போனது, ஓரக் கல் சாய்ந்தது. அதிகாரி திட்டவில்லை. மறுபடி வரவேண்டிய நாளைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நாள் பெரிய வாரத்தில் விழுந்தது. அதைத் தாண்டினால் ஈஸ்டர்தான்.

குருத்து ஞாயிறு அன்று, கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையைக் கைப்பிடியில் செருகிக்கொண்டு, முதல் முறையாக வண்டியைச் சாலையில் எடுத்தாய். நாம் இடது ஓரமாகத்தான் போனோம். எதிரே இரண்டு கன்டெய்னர் லாரிகள். பின்னால் வந்தது முன்னால் போனதை முந்திக்கொண்டு நம் பக்கம் வந்துவிட்டது. நீ இடது பக்கம் ஒதுங்க வேண்டும். வண்டி வலது பக்கம் திரும்பியது. லாரியின் முகம் நேராக வந்தது. நான் கத்த நினைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உடைந்து கூடிய அந்த இடது தோளில் என் முழு பலத்தோடு குத்தினேன். நீ வலியில் இடது பக்கம் சாய்ந்தாய். கைப்பிடியும் உன்னோடு வந்தது. லாரியின் காற்று நம் மேல் அடித்துவிட்டுப் போனது. வண்டி சாலையை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது.

அதை வெளியே எடுக்க நீ ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாய், முறுக்கினாய். சக்கரம் அசையவில்லை. அப்போதுதான் அந்தக் கருகல் வாசனை முதன்முதலாக வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாய்.

"போதும் பாப்பா. உன்னியும் சேத்துக் கொன்னுருப்பேன். நீ அத்தைகூடவே போயிரு. அங்கன்னா சோறாவது நேரத்துக்குக் கெடைக்கும்."

நான் உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை நீ மனதுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாய் போல. உன் கை எதையோ பிடித்திருந்தது. ஆனால் முன்னால் அல்ல. இடுப்புக்குப் பின்னால், அக்குளுக்குக் கீழே, படகின் கைப்பிடி இருக்கும் இடத்தில். விரல்கள் மூடி, அந்தக் கை வலது பக்கம் தள்ளியது. தள்ளிவிட்டு உன் உடம்பு இடது பக்கம் பார்த்தது.

கரையில் நின்று எத்தனை முறை பார்த்திருப்பேன். பின்னால் இருக்கும் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடது பக்கம் போகும்.

"நைனா," என்றேன். "படகுல நீ கடைசில குந்துவ. இதுல மொதல்ல குந்திகினு கீற."

நீ நிமிர்ந்து பார்த்தாய். பிறகு எழுந்து போய் வண்டியின் முன்சக்கரத்தின் மேல் கையை வைத்தாய். கைப்பிடியை இடது பக்கம் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தாய், வலது பக்கம் திருப்பிப் பார்த்தாய்.

"அட," என்று மெதுவாகச் சொன்னாய். "மூக்கே என் கையிலதான் கீது."

அன்றிலிருந்து மூன்று நாட்கள் அம்மாவின் மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, விளக்குமாற்றுக் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பழகினாய். நான் சத்தமில்லாமல் பின்னால் வந்து ஏதாவது ஒரு தோளைத் தட்டுவேன். சாப்பிடும்போது தட்டுவேன், முகம் கழுவும்போது தட்டுவேன். தவறான பக்கம் போனால் நீயே உன் கையை அடித்துக்கொள்வாய். அம்மா கூடை நசுங்குகிறது என்று திட்டினாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் மந்திரிச்சி கயிறு கட்டணும்" என்றாள். ஆனால் வயர் கூடை கதவோரமேதான் இருந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

தேர்வன்று பெரிய அத்தையும் வந்தாள். கையில் அந்தக் கூடை. பாஸ் ஆகாவிட்டால் அங்கிருந்தே பஸ் ஏறிவிடலாம், இரண்டு செலவு வேண்டாம் என்றாள். இந்த முறை வேலி அருகே விடவில்லை. நாங்கள் வெளியே டீக்கடை நிழலில் நின்றோம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. லூர்து மாமா வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். முதல் வளைவுக்கு அது இறங்கியது, ஏறியது. பிறகு விசில். என் விரல் அத்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது போல, அவள் திரும்பி முறைத்தாள். வண்டிச் சத்தம் திக்கவில்லை. இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பிறகு ஒன்றுமே இல்லை. பாஸான சத்தம் எது, ஃபெயிலான சத்தம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ வண்டியை ஓட்டிக்கொண்டே வெளியே வந்தாய். எங்கள் முன்னால் நிறுத்தினாய். அத்தையின் கையிலிருந்து கூடையை வாங்கி வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டிமேல் வைத்தாய்.

"ஏறு பாப்பா. வூட்டுக்குப் போலாம். அக்கா, நீயும் ஏறு, பஸ் ஸ்டாண்டுல வுடறேன்."

அதற்குப் பிறகு நீ ஓட்டிய நாட்கள் அதிகமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஓட்டினாய். எனக்குத் தையல் கம்பெனியில் பட்டன் வைக்கும் வேலை கிடைத்தபோது, நான் ஷேர் ஆட்டோவில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வருவேன் என்பதைக் கண்டுபிடித்தவன் நீதான். வெயிலில் எதிர்த்திசையில் நடந்துவந்த என்னை லோடு ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டாய். அன்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாய். "எம் பொண்ணுக்கும் பிரேக்கு கெடியாது. கரை வந்து நிறுத்தும்னு குந்திகினு கீறா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரோட்டுல கரை வராது பாப்பா, நாமதான் நிறுத்தணும்" என்றாய்.

போன மழைக்காலத்தில், எண்ணூர் சாலையில் உன் நெஞ்சு வலித்தது. அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். "பின்னாடி வர்றவனுக்குக் கை காமிச்சி, மெதுவா லெஃப்ட்ல ஓரம் கட்னாரும்மா. சாப்பிடத்தான் நிறுத்துறாருன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் ஆச்சி, எறங்கவே இல்ல." வண்டியை எடுக்கப் போன லூர்து மாமா திரும்பி வந்து வாசலிலேயே நின்று அழுதார். நியூட்ரலில் இருந்ததாம். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்ததாம். மீன் பெட்டி ஒன்றுகூட நகரவில்லையாம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், ஒரு பக்கம் பள்ளம். அப்படி ஒரு வலியில், உன் கை சரியான பக்கம் போயிருக்கிறது நைனா.

சவப்பெட்டியை மூடும் முன் உன் இரண்டு தோளையும் நான் சேர்த்து அழுத்தினேன். கட்டிப்பிடித்து அழுகிறேன் என்று நினைத்து என்னை விலக்கினார்கள்.

நீ போன பிறகும் நான் என் இடம் தாண்டிப் போய்த்தான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். இன்று நெரிசல் விலகி ஆட்டோ வேகமெடுத்தது. கருகல் வாசனை மட்டும் உள்ளேயே இருந்தது. என் கம்பெனிச் சந்து வருவது தெரிந்தது. முன்னிருக்கையில் ஓட்டுநரின் தோள்கள் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவர் யாரோ. அவரைத் தட்ட முடியாது.

"அண்ணா, லெஃப்ட்ல நிறுத்து."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜெபமாலை அக்கா திரும்பிப் பார்த்தார். ஆட்டோ ஓரம் கட்டி நின்றது. நான் இறங்கினேன். சந்து சரியாக என் எதிரே இருந்தது.