ஆப்பத்துக்கு வைத்த வெல்லத் தண்ணீர்

முந்தாநாள் ராமநவமி. மீந்த பானகத்தை மூடிவைத்தவள் அப்படியே மறந்துபோனேன். இன்று மத்தியானம் செம்பைத் திறந்தால் மேலே நுரை கட்டியிருக்கிறது, உள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. வெல்லம் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் போய் வாசல் கதவைச் சாத்தியது. யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. இலுப்பூர் வாடகை வீட்டில் வந்தவர் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மீனுக்கு மட்டும் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. கண்மாயிலிருந்து கொட்டிச் செடியும் வேலம்பாசியும் கெண்டைக் குஞ்சுகளும் கொண்டுவந்தீர்கள். சயின்ஸ் வாத்தியார் அல்லவா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று ஆசை. கொட்டி இலைகளோ மஞ்சளாகி ஒவ்வொன்றாய்க் கரைந்தன. நீங்கள் சாப்பாட்டுத் தட்டோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

"அதுக்குக் கரியமில வாயு பத்தலை" என்றீர்கள் ஒருநாள். "நமக்குச் சோறு மாதிரி, செடிக்கு அதுதான்."

அடுத்த நாளே என் வெல்லப் பானையில் கைவைத்தீர்கள். பெரிய கண்ணாடிக் குடுவையில் வெல்லத் தண்ணீர், அதில் ரொட்டிக்கடையில் வாங்கிய புளித்த மாவில் ஒரு உருண்டை. வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் துளை போட்டு, ரப்பர் குழாயைச் செருகித் தொட்டிக்குள் விட்டீர்கள். குமிழி மேலே வந்து வீணாகிவிடாமல், தண்ணீருக்குள் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துக் குழாய் முனையை அதற்கடியில் நிறுத்தினீர்கள். வெல்லம் புளிக்கும்போது கிளம்பும் காற்றுதான் அந்தக் கரியமில வாயுவாம்; தம்ளருக்குள் சேர்ந்து மெல்லத் தண்ணீரில் கரையுமாம். பொழுது சாய்ந்தால் மறக்காமல் குழாயை வெளியே எடுத்துவிடுவீர்கள். இருட்டில் செடி அதை எடுக்காது, மீனுக்கு மூச்சு முட்டும் என்பீர்கள். சும்மா சொல்லக்கூடாது, கொட்டி பச்சென்று புதுத் துளிர் விட்டது.

துளிரோடு நாற்றமும் வந்தது. மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலம் அது. சாராயம் காய்ச்ச வேண்டாம், வெல்ல ஊறல் வீட்டில் இருந்தாலே பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் உத்தியோகமோ இன்னும் நிரந்தரமாகவில்லை. கேஸ் என்று ஒன்று வந்தால் அன்றோடு வேலை போச்சு. சொன்னேன், சொன்னேன், வாய் வலிக்கச் சொன்னேன். "நாம குடிக்கவா வச்சிருக்கோம்?" என்று சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டு வந்து நின்றார், பின்னால் ஒரு போலீஸ்காரர். தெருவில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு குடுவைக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன சார் இது? ஊறலா?"

உங்களைப் பேசவிட்டால் கெட்டது குடி என்று நான் முந்திக்கொண்டேன். "ஆப்பத்துக்குங்க. நாந்தான் வச்சேன். முன்னெல்லாம் மாவுல கள்ளு ஊத்துவோம், இப்பத்தான் அது கெடையாதே. அதான் இந்தத் தண்ணி."

"அந்தக் கொழாய் என்னத்துக்கு ஆத்தா?"

"காத்து வெளியேறணும்ல? இல்லாட்டி குடுவை வெடிச்சிரும்."

ஏட்டு தலையை ஆட்டினார். அதோடு போயிருப்பார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"இல்லைங்க, ஆப்பத்துக்கு இல்லை. செடிக்கு. இதுல சாராயமும் உண்டாகத்தான் செய்யும். நமக்கு அது வேணாம், காத்து மட்டும் போதும்."

எனக்கு உயிரே போய்விட்டது. சாராயம் என்ற சொல்லை வாத்தியாரே வலியச் சொன்னபின் ஏட்டுக்கு வேறு என்ன வேண்டும்? அவருடைய முகம் மாறியது.

"வச்சது நாந்தான்னு ஒங்க சம்சாரம் சொல்லுது. ஆப்பத்துக்கு இல்லைன்னு நீங்க சொல்றீங்க. அப்ப ஊறல் போட்டது அந்தம்மாதான். இங்கிட்டு வாம்மா. பேரச் சொல்லு, ஸ்டேஷனுக்குப் போகணும்."

"வச்சது நான். என் பேரை எழுதுங்க" என்றீர்கள் அவசரமாக.

"அவருக்கு அடுப்படி விஷயம் என்னங்க தெரியும்? வச்சது நாந்தான்" என்றேன். உங்கள் பேர் அந்த ஸ்டேஷனில் ஏறக்கூடாது.

போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "கெளம்பும்மா" என்றார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தேன். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் தொட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"ஆப்பத்துக்குத்தாங்க" என்றீர்கள். "அவ சொன்னதுதான் சரி. செடி கிடின்னு நாந்தான் ஏதோ உளறிட்டேன்."

ஏட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குடுவையைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். "ஆப்பத்துக்கு இம்புட்டுப் பெரிய குடுவை ஆகாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். "அரிசி ஊறப்போடு" என்றீர்கள்.

"எதுக்கு?"

"நாளைக்கு ஆப்பம் சுடு. சொன்னது கொஞ்சமாச்சும் உண்மையா இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் சுட்டேன். கல் மாதிரி இருந்தது. ஒன்றுவிடாமல் தின்றீர்கள். குடுவையை அதன்பின் நீங்கள் தொடவில்லை; கொட்டியைக் கண்மாயிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்து, "ஆயுசுல ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒன்று சொன்னீர்கள், எனக்காக. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.