ஊமை ஸ்டியரிங்

3 மார்ச் 2025, திங்கள்

சேதராப்பட்டிலிருந்து பாகூருக்கு இரும்புக் கம்பி, இரண்டு நடை. புது பிக்கப் வந்து இன்றோடு இரண்டு மாதம். ஒற்றை விரலால் திருப்பலாம் என்றார் விற்றவர். பொய்யில்லை, தோள்வலி போய்விட்டது. ஆனால் நான் இதை ஓட்டுகிறேனா, சும்மா உட்கார்ந்து வருகிறேனா? பழைய வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரத்தோடு வளைத்தால் விலா வரை வலிக்கும். ஆனாலும் ஒரு பள்ளம், ஒரு கல் விடாமல் உள்ளங்கையில் சொல்லிவிடும். இதில் கரண்ட் மோட்டார் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஊமை வண்டி.

இதை வைத்துக்கொண்டு மே மாதம் மாதா தேரை எப்படி ஓட்டப் போகிறேன்?

9 மார்ச்

பூசை முடிந்து தேர்க் கமிட்டி. பதினேழாவது வருஷமும் டிரைவர் செபாஸ்டின்தான் என்று எழுதிக்கொண்டார்கள். பிக்கப்பின் மேல் மேடை கட்டி, மாதாவை நிறுத்தி, நடக்கிற வேகத்தில் நான்கு தெரு. சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஜனம். ஆறு வருஷத்துக்கு முன் குளத்து முனையில் திருப்பும்போது ஸ்டியரிங் லேசாக உதறியது. உடனே நிறுத்தினேன். டயருக்கு அடியில் ஒரு கைத்தடி. அதை எடுக்கக் குனிந்தபடி ரோசம்மாள் பாட்டி. அன்றைக்குக் கை சொல்லியிருக்காவிட்டால் — வேண்டாம், நினைக்க வேண்டாம்.

புது வண்டியைப் பற்றிப் புலம்பினேன். தம்பி லியோ சிரித்தான். கம்பெனிக்கு ஷிப்ட் வேன் ஓட்டுகிறவன். தொழில் பழகியதே பவர் ஸ்டியரிங்கில்தான். அவனுக்கு என்ன தெரியும்.

21 மார்ச்

சர்வீஸ் சென்டருக்கு மூன்றாவது முறை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லையாம். ரோடு கைக்கு வரவில்லை என்றேன். சூப்பர்வைசர் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நன்றாகத்தானே இருக்கிறது சார் என்றார். சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்.

22 மார்ச்

ஸ்டியரிங் கவரை அறுத்து எறிந்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

2 ஏப்ரல்

கொதிக்கிற காபி டம்ளரைத் துணியில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று கிரேஸ் மேரி ஒரு பாட்டம் திட்டினாள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. கட்டிக்கொண்டவளுக்கு இது தெரிய வேண்டாமா? அதோடு சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று விசாரணை வேறு. ஒன்பது வருஷமாக இதே கேள்வி.

போடவில்லை.

11 ஏப்ரல்

அவமானம். அரியாங்குப்பத்திலிருந்து வில்லியனூர் வரை முன் டயரில் காற்றே இல்லாமல் வந்திருக்கிறேன். பின்னால் வந்த ஒருவர் கத்தித்தான் நிறுத்தினேன். டயர் கிழிந்து தொங்குகிறது. பஞ்சர் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பவர் ஸ்டியரிங்தான் மறைத்துவிட்டது என்று லியோவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "என் வேனுலயும் அதேதாண்ணே இருக்குது. காத்து கொஞ்சம் எறங்குனாலே இழுக்குமே. உனுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?"

வேனும் பிக்கப்பும் ஒன்றா?

27 ஏப்ரல், ஞாயிறு

சோரியாங்குப்பம் போனேன். என் பழைய வண்டியை வாங்கிய அய்யனாரிடம், தேருக்கு மட்டும் ஒருநாள் கொடு என்று கேட்க. ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அதே சீட். அதே கனம். தோள் பிடித்துக்கொண்டதில் சந்தோஷம்கூட வந்தது. ஏரிக்கரைப் பள்ளங்களில் இறக்கினேன்.

அய்யனார் சொன்னார்: "மன்னிச்சிக்கோண்ணே. ஒரு மாசமா ஸ்டியரிங் இந்த ஆட்டம் ஆடுது. ஓட்டுனா எனுக்கே கை ரெண்டும் எரியுது. நீ எப்பிடித்தான் புடிச்சிக்கினு வர்ற?"

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டு இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. முழங்கையில் தெரிகிறது. உள்ளங்கையில் — ஒன்றுமில்லை. விரலில் ஒன்றுமில்லை.

பழக்கம்தான் என்றேன். வண்டியை அவரிடமே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

ஊமை வண்டி இல்ல. அய்யோ, வண்டி இல்ல.

2 மே

அரசு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய இழை வைத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லி, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். காத்திருந்தேன். மூன்று தடவை சொன்னேன். எப்போது தொடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறங்கள் என்றார். இருபது தடவை தொட்டாராம். சர்க்கரையால் பாதத்தில் முதலில் உணர்ச்சி போயிருக்கிறது, பிறகுதான் கைக்கு ஏறியிருக்கிறது. போனது திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பாரவண்டி கூடாது. வீட்டுக்குள்கூட செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

வெளியே பெஞ்சில் கிரேஸ் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

4 மே

சாவியை லியோவிடம் கொடுத்தேன். தேருக்கும் அவன்தான் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. லியோ சொல்லியிருப்பான். கேட்டிருக்கலாம்.

10 மே

மாத்திரை, காலை இரவு. போட்டேன்.

18 மே, ஞாயிறு

இன்று சாயங்காலம் தேர். சக்கரத்துக்கு முன்னால் நடந்து கல் மண் ஒதுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாதாவுக்கு முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டா நடப்பது? கழற்றி கோயில் வாசலில் விட்டேன். ஒரே ஒரு நாள்தானே.

குளத்து முனையில் திருப்பும்போது லியோ நிறுத்திவிட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, சக்கரத்துக்கு அடியில இன்னாவோ கெடக்குது, கைக்குத் தெரியுது, பாரு" என்றான். அந்த ஊமை ஸ்டியரிங் அவனிடம் பேசியிருக்கிறது. குனிந்து பார்த்தேன். உடைந்த சோடா பாட்டில். சில்லுகளைப் பொறுக்கி வாய்க்காலில் போட்டேன். அந்த இடத்தை நான் இப்போதுதானே ஒதுக்கிக்கொண்டு வந்தேன், எப்படி விட்டேன் என்று யோசித்தபடியே கோயில் வரை நடந்தேன். தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. லியோ நன்றாகவே ஓட்டினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிரேஸ் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். திரும்பினேன். வாசலிலிருந்து சிமெண்டுத் தரையில் சிவப்பாக அடி அடியாக வந்திருந்தது.

எந்தக் கால் என்று கேட்டாள். தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.