புதிய சான்றிதழை எடுக்காத சர்வர்

கிகாலி

அன்புள்ள அப்பாவுக்கு லம்வாகா வணக்கத்துடன் எழுதுவது. குலுவில் மழை பிடித்துவிட்டதா? முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் இங்கே ஒரு சின்னக் களேபரம். பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் தேவைப்படும் மருத்துவமனைகள் எங்கள் அலுவலக இணையதளத்தில்தான் கேட்கும். அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகுமுன் தானாகப் புதுப்பிக்க, கணினிக்குள் தடுத்த தனி அறை மாதிரியான ஒரு கன்டெய்னரில் நிரல் ஒன்று ஓடுகிறது. அது ஒழுங்காகப் புதுப்பித்தது. பக்கத்துக் கன்டெய்னரில் இருந்து தளத்தைக் காட்டும் சர்வரோ பழைய சான்றிதழையே பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மருத்துவமனையிலிருந்து செவிலி முக்காந்தோரி போனில் கத்தினார்: "உங்க தளம் ஆபத்துன்னு சிவப்பா எழுதி வருது! இங்க பிரசவமான பொண்ணு வெளுத்துப்போய்க் கிடக்கா. நான் யார்கிட்ட கேக்குறது?"

"அக்கா, என்ன வகை ரத்தம், எத்தனை பை? வாயால சொல்லுங்க."

ரத்த வங்கிக்கு நானே சொல்லி ரத்தத்தை அனுப்பவைத்தேன். பிறகு சர்வரைப் புதிய சான்றிதழை எடுக்கவைத்தேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். "குழந்தைக்கு உன் பேர வைக்கலாம்னா வாயில நுழையலியே!" என்று முக்காந்தோரி சிரித்தார்.

இனி புதுப்பித்தவுடன் சர்வருக்கும் தகவல் போகும். ஆனாலும் சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய்ப் பார்க்கிறேன். "அதான் தானா நடக்குதே, உட்காருடி" என்கிறாள் பக்கத்து மேசை உமுஹோசா. உட்கார முடியவில்லை.

எள்ளும் கடலையும் அரைத்த விழுது கொஞ்சம் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். சின்ன டப்பா போதும், ஒருத்திதானே. ஞாயிறு பேசி முடித்ததும் போனை அணைக்காமல் முற்றத்திலேயே வைத்துவிடுங்கள். நம் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
லம்வாகா