மேடை ஏறாத சலவை இயந்திரம்

எங்கள் வீட்டுச் சக்கரவர்த்தினிக்கு, கடல் கடந்த கணவன் பணிந்து எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் ஒன்பது யானை பலத்துடன் இருக்கிறேன்.

ஞாயிறு மாலை, நானே எழுதி மெட்டுப்போட்ட நாட்டுப்பாட்டுகளை முதன்முறையாக இங்குள்ள தமிழ்ச் சங்க மேடையில் பாடினேன். தேறினால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். நாற்பதாயிரம் பேர் கூட்டம். நாற்காலிகள் மட்டும் நாற்பது. பயப்படாதே, சின்னச் சிக்கல்தான் வந்தது. எல்லாப் பாட்டையும் சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டே, இயந்திரம் ஓடும் தாளத்துக்குத்தானே கட்டினேன்? மேடையில் அது இல்லை. இரண்டாம் வரியில் தாளம் தப்பி, வாயடைத்து நின்றுவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து எங்கள் இஸ்திரிக்காரர் எழுந்தார். "என்னய்யா, மெஷின் நின்னுபோச்சா? இரு, நான் ஓட்டுறேன்!" என்று தன் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தடதடவென்று தட்டினார். கூட்டமே கைதட்டிச் சேர்ந்துகொண்டது. பாட்டும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அடுத்த மாதமும் வரச் சொல்லிவிட்டார்கள், புதுப்பாட்டு வேண்டுமாம்.

அதை உன் தாளத்துக்குக் கட்டப்போகிறேன். காலையில் நீ வெங்காயம் நறுக்கும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. அவசரப்படாதே, நிறையவே நறுக்கு. நடுவில் என்னைத் திட்டினால் அதை அழித்துவிடாதே. இயந்திரம் கத்துகிறது, ஓடுகிறேன்.

உன் ஆஸ்தானப் பாடகன்