இரண்டு சுழியும் மூன்று சுழியும்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்காவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, அதை நான் நம்புகிறேனா இல்லையா என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அந்தத் தீவு முகாமில் மாதம் ஒரு முறை உங்கள் அதிகாரி கொடுக்கிற மூன்று நிமிட போனை அம்மாவே முழுசாக எடுத்துக்கொள்கிறாள், போன தடவை என் கைக்கு வந்தபோது லைன் போய்விட்டது, அதனால் எனக்குக் கடிதம்தான் கதி.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மொட்டை மாடித் தொட்டி ஒழுகி உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது, பிளம்பர் மூன்று தடவை வந்து மூன்று காரணம் சொன்னான், கடைசியில் அம்மாவே ஏறிப் பார்த்து மிதவை உடைந்திருப்பதைக் காட்டினாள். உன் கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறோம், சுவர் காய்ந்ததும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று ஊருக்கெல்லாம் தைலம் எடுத்துக் கொடுப்பவள் தனக்குத் தடவிக்கொள்ள மறந்துவிடுகிறாள். அக்கா கார் ஓட்டப் பழகுகிறாள், பழக்குகிறவர் இந்த வாரம் லீவு போட்டிருக்கிறார், காரணம் சொல்லவில்லை.

அச்சகத்தில் ஒரு சம்பவம். இருபத்தாறு வருடமாக அங்கே பிழை திருத்துகிறேன், என் கண்ணுக்குத் தப்பி எதுவும் மெஷினுக்குப் போனதில்லை என்று உனக்கே எத்தனையோ தடவை பெருமை அடித்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் என்பது இரண்டு சுழி போட்டு மனமகள் என்று நானூறு பிரதி அச்சாகிவிட்டது. நான்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன். முதலாளி பத்திரிகையைத் தூக்கிப் பார்த்தார், "விடுங்கண்ணே, மனசுக்குப் புடிச்ச பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க" என்று சிரித்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார், பிறகு எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்கள். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கவனம் போனதற்குக் காரணம், அன்று காலைதான் உன் கடிதம் வந்திருந்தது.

அதில் இரண்டே வரி. சுகம் என்று ஒன்று. இன்னும் இரண்டு வருடம் இந்தத் தீவிலேயே இருக்க எழுதிக் கொடுக்கப் போகிறேன், மாதக் கடைசிப் படகில் பேப்பர் போகும் என்று இன்னொன்று. ஒரு பிழைகூட இல்லை. பையன் தேறிவிட்டான் பார் என்று அம்மாவிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "பிழையும் இல்ல, பையனும் இல்ல இதுல" என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அச்சகத்துக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னுடைய கடைசி நான்கு கடிதங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். நான்கிலும் சேர்த்துப் பதினொரு வரி. தங்குகிற அறையைப் படுக்கும் இடம் என்கிறாய், கிணற்றைத் தண்ணீர் எடுக்கும் இடம் என்கிறாய். நேற்று நனைந்தோம் என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்து அம்மா படகு கவிழ்ந்துவிட்டதோ என்று பயந்து போனாள், மழை பெய்தது என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தேகம் வருகிற சொல் ஒன்றையும் நீ தொடவே இல்லை. எது ர, எது ற, எது ன, எது ண, எது ழ என்று யோசிக்க வேண்டியதை எல்லாம் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய், சேற்றைச் சுற்றி நடக்கிற மாதிரி. மொத்தத்தில் நீ பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை, எழுதாமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

அதற்கு முன்னால் எழுதிய மூன்றும் நீளக் கடிதங்கள். அவை இப்போது இங்கே இல்லை, சிவப்பு மையில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பியவன் நான்தான். ஓட்டலில் மேஜை துடைப்பவன் வீட்டுக்கு வந்தும் மேஜையைத் துடைப்பான், அது மாதிரி கை தானாகப் போய்விட்டது. முதல் கடிதத்தில் முப்பத்தேழு பிழை என்று மேலே வட்டம் போட்டு எழுதியதும் நினைவிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று யோசித்தால் பிழை இருந்த வரிகள் மட்டும்தான் வருகின்றன. காலையில் பூட்ஸைக் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நன்டு கடிக்கும். எங்கள் அரையில் ஆறு பேர், ஒருவன் குறட்டை, அவனுக்குப் பெயரே குறட்டைதான். கினற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கப் படகில் வந்தால்தான் உண்டு. கம்பி வேலியை ஒரு முனையில் பெயிண்ட் அடித்துக்கொண்டே போய் மறுமுனை சேர்வதற்குள் ஆரம்பித்த இடத்தில் துறு ஏறிவிடுகிறது. காவல் கோபுரத்துக்கு நாற்பது படி ஏனி, மேலே போய் நான்கு மணி நேரம் கடலைப் பார்க்க வேண்டும், கப்பல் தெரிந்தால் நோட்டில் நேரம் குறிக்க வேண்டும், போன மாதம் மூன்று கப்பல். உன் எழுத்தில் அத்தனையும் எப்படி இருந்ததோ அப்படியே கண்ணில் நிற்கிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள், "பொறந்தநாளன்னிக்கு கோபுரத்துல டூட்டி, யார்கிட்டயும் சொல்லல, எறங்கி வந்து எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்னு எழுதியிருந்தானே, அது ஞாபகம் இல்லையா உங்களுக்கு" என்று கேட்டாள். எனக்கு இல்லை. அந்த வரியை நீ பிழை இல்லாமல் எழுதியிருப்பாய், அதனால்தான். புள்ளை மனசு விட்டு எழுதினதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஒரு காகிதம் வீட்டில் இல்லை என்று அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் கோபம் நியாயமானது.

மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி இருந்தது. இங்கே ரொம்பத் தணியாக இருக்கிறேன் அப்பா, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் அரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மூன்று சுழி போட்டால் தணிவது, தாகம் தணிந்தது, கோபம் தணிந்தது, இரண்டு சுழி போட்டால்தான் ஒற்றையாக இருப்பது என்று உதாரணத்தோடு விளக்கினேன். நீ என்ன சொன்னாய் என்பதற்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. அதற்கடுத்த படகிலிருந்துதான் உன் கடிதம் இரண்டு மூன்று வரி ஆனது. வெட்கமாக இருக்கிறது தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வேலையும் கடலும் கூட இருக்கிற பையன்களும் பிடித்துப்போய் நீ எழுதிக் கொடுப்பதானால் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன், அம்மாவையும் சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போனால் அப்பா நம் பிழையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் அடுத்த படகிலேயே வந்துவிடும், பேப்பர் போகிற படகுக்கு அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இருக்கிறது. எதை முடிவு செய்தாலும் பக்கம் பக்கமாக எழுது. நண்டுக்கு எத்தனை சுழி வேண்டுமானாலும் போடு. பழைய மூன்று கடிதங்கள் இருந்தால் என் சிவப்பு மையோடு அப்படியே திருப்பி அனுப்பு, அம்மா அலமாரியில் இடம் ஒழித்து வைத்திருக்கிறாள். கிழித்துப் போட்டிருந்தால் அதையும் எழுது, தப்பில்லை.

பெயிண்ட் அடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள், ஈர பூட்ஸோடு ஏணியில் ஏறாதே. எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு, நல்லா இரு. இதை மறுபடி படித்துப் பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டப் போகிறேன், இத்தனை வருடத்தில் நான் படித்துப் பார்க்காமல் அனுப்புகிற முதல் காகிதம் இது. நீ இல்லாத வீட்டில் நானும் கொஞ்சம் தணியாகத்தான் இருக்கிறேன். மூன்று சுழி தெரிந்தேதான் போட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா