இடப்பக்கம் இழுக்கும் கார்

2014 ஜூன் 12, முந்தல்
இன்றும் கார் இடப்பக்கம் போனது. கார் ஓட்டப் பழக்கும் மர்ஸூக் மாஸ்டர் ஸ்டேரிங்கைத் திருப்பிவிட்டு, "தங்கச்சி, ஒங்கட தோள்தான் இழுக்குது" என்றார். என் இடது தோளுக்குள் ஷெல் துண்டு கிடப்பது அவருக்குத் தெரியும். வன்னியிலிருந்து நான் கொண்டுவந்த சீதனம் அதுதானே.

லைசன்ஸ் எடுத்தால், இறால் பண்ணைக்குப் பெண்களை ஏற்றிவரும் வான் ஓட்டும் வேலை எனக்கு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீருக்குள்ளேயே கை. இந்தத் தோளோடு இன்னொரு மாரியை அங்கே நின்று கழிக்க என்னால் ஏலாது.

ஜூன் 15
வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே ஓட்டினேன். தோள் வீங்கிவிட்டது.

ஜூன் 19
என்னோடு ஓட்டப் பழகும் லக்சனா இன்று ஒன்று சொன்னாள். போன மாதம் யாரோ மதகில் இடித்து, திருத்தி எடுத்த கார் இது. அவளுக்கும் இழுக்கிறதாம், ஏச்சு வாங்கப் பயந்து வாய் திறக்கவில்லை. நான் என் தோளையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்?

"நீங்களே ஓட்டி, கையை விட்டுப் பாருங்கோ மாஸ்டர்" என்றேன். விட்டார். இடப்பக்கம்தான் போனது. "அது ரோட்டுச் சரிவு" என்கிறார்.

ஜூன் 22
சரிவில்லாத இடத்துக்கு எங்கே போவது? பண்ணையில் தண்ணீர் வடித்துக் காயவிட்டிருந்த, மைதானமளவு இறால் தொட்டி ஞாபகம் வந்தது. அடித்தரை இறுகி மட்டமாகக் கிடந்தது. மாஸ்டரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஓட்டினேன். அங்கேயும் இடப்பக்கம்தான்.

இறங்கி, முன் சில்லுகள் இரண்டிலும் போத்தல் தண்ணீரை ஊற்றினேன். வலது சில்லில் சும்மா வழிந்தது. இடதில் சுர்ரென்று ஆவி பறந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். "பிரேக்கு விடாமப் புடிச்சிட்டு ஈக்குது. மத்த ஆக்கள்கிட்ட சொல்ல வாணாம்."

இழுத்தது என் தோள் இல்லை. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஜூன் 28
திருத்துகிறவன் வருவான், வருவான் என்கிறார். எனக்குப் பழகிவிட்டது. நினைக்காமலே கை வலப்பக்கம் இழுக்கிறது.

ஜூலை 3
லைசன்ஸுக்கான ட்ரையல். முதல் ஆள் நான். எடுத்தவுடன் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். கார் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வந்த ஓட்டோவுக்கு முன்னால் போய்விட்டது. பரீட்சகர் ஸ்டேரிங்கைப் பறித்தார்.

நேற்றுப் பின்னேரம் பிரேக்கைத் திருத்திவிட்டாராம் மாஸ்டர். காலையில் மற்ற ஆட்களும் காரில் இருந்தபடியால் என்னிடம் சொல்லவில்லையாம். "ஒங்களுக்கு லேசா ஈக்கட்டும் எண்டுதான் செஞ்ச" என்றார். அட மனுசா — ஒரு சொல்லு சொல்லியிருக்கக்கூடாதா? ஒரே ஒரு சொல்லு —

நான் தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, என்னவென்று பரீட்சகர் கேட்டார். சொன்னேன். டாக்டரின் கடிதம் இல்லாமல் இனி வரக்கூடாதாம்.

ஜூலை 9
டாக்டர் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். காதுவரைதான் வந்தது. "இன்னும்" என்றார். வரவில்லை. ஸ்டேரிங் அவ்வளவு உயரத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், ஓட்ட ஏலாது என்று எழுதி முடித்துவிட்டார்.