முழு டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் தையல்காரர் ஒருவருக்குப் போன மாதம் எங்கள் மருத்துவமனையில், நடுக்கத்தை அடக்க லேசாக மின்சாரம் பாய்ச்சும் மெல்லிய கம்பியை மூளைக்குள் வைத்தார்கள். இன்று மின்சார அளவைச் சரிசெய்ய வந்தார். நடுக்கத்தைப் பார்த்துத்தான் அளவு வைக்க முடியும் என்பதால், காலை மாத்திரை போடாமல் வரச் சொல்லியிருந்தோம்.

"இது அடங்கலன்னா கடையப் பூட்ட வேண்டியதுதாம்மா," என்றார்.

மருத்துவர் சொல்ல, நான் கருவியில் மின்சாரத்தை இம்மியளவு கூட்டினேன். உதறிய கை சட்டென்று அடங்கியது. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அவர் மனைவி பழக்கத்தில் அரை டம்ளர் தண்ணீர் நீட்டினார்.

"தண்ணிப் பஞ்சமா? முழுசா ஊத்துடி!"

ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்.

அம்மா, எழுத்து சரியாக வராது என்று அடுத்த கடிதத்தையும் தங்கையை எழுதச் சொல்லாதே. கோணல்மாணலாக இருந்தாலும் உன் கையாலேயே இரண்டு வரி எழுது.

அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

உன் மகள்